பார்மசி டெக்னீஷியன் கோர்ஸ் ரிவ்யூ: வீடியோ எல்லாம் அருமை, ஆனா கைக்கு யாரும் பாடம் எடுக்கல

பார்மசிஸ்ட் மேற்பார்வைல மருந்து எண்ணி, கலந்து, லேபிள் ஒட்டுற டெக்னீஷியன் வேலைக்கு ஏழு மாசம் படிச்சு முடிச்சு, ஒரு வருஷம் வெளி நோயாளிங்க வர்ற பார்மசி கவுண்ட்டர்ல நின்னு, இப்ப ஆறு மாசமா ஆஸ்பத்திரி உள் பார்மசில வேலை பாக்குறேன். படிச்ச உடனே ரிவ்யூ போட்டிருந்தா கண்ண மூடிட்டு அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருப்பேன், அப்ப எனக்கு என்ன தெரியாதுன்னே எனக்குத் தெரியாது. வேலைல நின்னதுக்கு அப்புறம்தான் அந்த கோர்ஸ் எத குடுத்துச்சு எத குடுக்காம விட்டுச்சுன்னு ஒண்ணொண்ணா புரிஞ்சுது. கோர்ஸ் பேர் போடல, ஏன்னா என் கூட வேலை பாக்குறவங்க வேற வேற இடத்துல படிச்சவங்க, அவங்க சொல்ற குறையும் கிட்டத்தட்ட இதேதான். அதனால இத படிச்சுட்டு நீங்க சேரப்போற கோர்ஸ இதோட வச்சு ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க.

அமைப்பு என்னன்னா, நாப்பது சொச்சம் ரெக்கார்டட் வீடியோ, வாரம் ஒரு லைவ் கிளாஸ், கடைசில ரெண்டு நாள் லேப், அப்புறம் ஒரு பார்மசில 80 மணி நேரம் நேரடிப் பயிற்சி, முடிவுல ஒரு சர்டிபிகேட். விளம்பரத்துல "சர்வதேச தரத்துக்கு இணையான பயிற்சி"ன்னு பெருசா போட்டிருந்தாங்க. இந்த வரிய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன், ஏன்னா நல்லது நிஜமாவே நிறைய இருக்கு.

மருந்து பேர் சொல்லிக்குடுத்த விதம் ரொம்ப பிரமாதம். தினம் பத்து மருந்து, அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் ஜெனரிக் பேர், எதுக்கு குடுக்குறாங்க, எந்தெந்த வடிவத்துல வரும், எந்த பேரோட குழம்பும், இந்த நாலையும் நோட்டுல கையால எழுதச் சொல்லுவாங்க. "ப்ரில்"னு முடிஞ்சா இந்த வகை, "சார்டன்"னு முடிஞ்சா இந்த வகை, "ஸ்டாட்டின்"னா கொலஸ்ட்ரால், "ப்ரசோல்"னா வயித்து அமிலம்னு வால புடிச்சு வகைய கண்டுபிடிக்கிற பழக்கம் மூணாவது வாரத்துலயே வந்துடுச்சு. இன்னைக்கும் புதுசா ஒரு மருந்து ஷெல்ஃபுக்கு வந்தா என் கண்ணு மொதல்ல பேரோட கடைசி எழுத்துங்களுக்குத்தான் போகும். அந்த நோட்டு இன்னும் என் லாக்கர்ல இருக்கு.

கணக்கு வகுப்பு எடுத்த சார் பத்தி தனியா சொல்லணும். எனக்கு கணக்குன்னாலே பள்ளிக்கூட காலத்துல இருந்து பயம். அவரு போர்டுல வெறும் எண் எழுத விடவே மாட்டார், எண்ணுக்குப் பக்கத்துல மி.கி.யா மி.லி.யா கிலோவான்னு எழுதலன்னா அந்த வரிய அழிச்சுட்டு மறுபடி எழுதச் சொல்லுவார். ஒரு உதாரணம் சொல்றேன். குழந்தை 16 கிலோ, அமாக்சிசிலின், ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 45 மி.கி., அத ரெண்டு வேளையா பிரிச்சு குடுக்கணும், கைல இருக்கிற சிரப் 5 மி.லி.ல 400 மி.கி. 16ஐ 45ஆல பெருக்கினா ஒரு நாளைக்கு 720 மி.கி., ரெண்டா பிரிச்சா வேளைக்கு 360, அப்ப 4.5 மி.லி. பத்து நாளைக்கு 90 மி.லி., அதனால 100 மி.லி. பாட்டில் ஒண்ணு போதும். இது வரைக்கும் எல்லாரும் போட்டுடுவாங்க. அவரு அதுக்கப்புறம் ஒரு கேள்வி கேப்பார்: "ரெண்டா பிரிக்க மறந்தா என்ன விடை வரும்?" 9 மி.லி. "அந்த விடைய பாத்தா உனக்கு தப்புன்னு தோணுமா?" தோணாது, ஏன்னா 9 மி.லி.ங்கிறது சிரப்புல சாதாரணமா வர்ற அளவுதான், பாக்க நல்லாத்தான் இருக்கும். தப்பான விடை பல நேரம் சரியான விடை மாதிரியே இருக்கும், அதனால விடைய பாத்து நம்பாத, வழிய பாருன்னு சொல்லுவார். இப்பவும் லேபிள் அடிக்கிறதுக்கு முன்னாடி வழிய ஒரு தடவை மனசுல ஓட்டிட்டுதான் அடிக்கிறேன். அந்த பயம் போயிடுச்சு, அதுக்கு அந்த சாருக்கு எப்பவும் நன்றி.

சட்டம் பத்தின பாடம் வறட்சிதான், ஆனா தேவையானது, உக்காந்து படிச்சுட்டா போதும், அதப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

இப்ப லேபுக்கு வர்றேன்.

ரெண்டு நாள், மொத்தம் 12 மணி நேரம், ஒரு பேட்ச்சுல 14 பேர். மாத்திரை எண்ணுற ட்ரே ரெண்டே ரெண்டு. ஆளுக்கு ஒரு தடவை எண்ணிப் பாத்தோம், டீச்சர் தூரத்துல நின்னுட்டு "எல்லாருக்கும் வந்துச்சா"ன்னு கேட்டாங்க, வந்துச்சுன்னோம், அடுத்த டாபிக். 30 மாத்திரை எண்ணுறதுல என்ன இருக்குன்னு அப்ப எனக்கும் தோணுச்சு, பொய் சொல்ல விரும்பல.

வேலைக்குச் சேந்த முதல் வாரம். சல்ஃபா மாத்திரை ஒண்ணு எண்ணி டப்பால போட்டுட்டு, அதே ட்ரேல அப்படியே அடுத்த பிரிஸ்கிரிப்ஷன கொட்டினேன். பக்கத்துல நின்ன சீனியர் டெக்னீஷியன் அக்கா என் மணிக்கட்ட புடிச்சு நிறுத்திட்டாங்க. திட்டல. ட்ரேய வெளிச்சத்துக்கு நேரா தூக்கிக் காட்டினாங்க, மூலைல வெள்ளையா பொடி. "இது என்னதும்மா?"ன்னு கேட்டாங்க. "மாத்திரைத் தூள்க்கா"ன்னேன். "சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்களுக்கு இது தூள் இல்ல, அதுவும் மருந்துதான்"னு சொல்லிட்டு 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு தொடச்சு, காய விட்டு, என் கிட்ட குடுத்தாங்க. பென்சிலின், சல்ஃபா எண்ணின உடனே கண்டிப்பா தொடைக்கணும், அந்த மாதிரி மருந்துக்கு தனி ட்ரே வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. இந்த ஒரு வரி என் கோர்ஸ்ல இருந்துச்சு, பரீட்சைல கேட்டா எழுதியிருப்பேன். என் கைக்குத்தான் தெரியல.

அதே அக்காதான் எண்ணுறதையே மறுபடி சொல்லிக்குடுத்தாங்க. அஞ்சஞ்சா ஸ்பேச்சுலாவால தள்ளணும், விரல் படக் கூடாது, யாராவது கூப்பிட்டா எண்ணிக்கைய மனசுல பிடிச்சு வச்சுட்டு பேசக் கூடாது, எண்ணி முடிச்சுட்டுத்தான் திரும்பணும், இல்லன்னா கொட்டிட்டு முதல்ல இருந்து எண்ணணும். மாத்திரை எண்ணும்போதே அதோட நிறத்தையும் மேல அச்சடிச்சிருக்கிற எழுத்தையும் பாக்கணும், ஸ்டாக் பாட்டில்ல வேற மாத்திரை ஒண்ணு தவறி விழுந்திருந்தா அப்பத்தான் கண்ணுல படும். போதைப் பழக்கம் வரக்கூடிய, கட்டுப்பாட்டுல வச்சிருக்கிற மருந்து சிலதுக்கு ரெண்டு தடவை எண்ணணும், எண்ணினவங்க கையெழுத்து போடணும். இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம், ஆனா ஒருத்தர் பக்கத்துல நின்னு நம்ம கைய பாத்துத் திருத்தினாத்தான் ஒட்டும்.

சிரப் பவுடர் கலக்குறது இன்னொண்ணு. கோர்ஸ்ல ஒரு சின்ன அனிமேஷன், பாட்டில்ல தண்ணி போகும், பாட்டில் ஆடும், முடிஞ்சுது. நான் வேலைல முதல் தடவை கலக்கும்போது அளந்த தண்ணி முழுசையும் ஒரே மூச்சுல ஊத்திட்டு குலுக்கினேன். பாக்க நல்லா கலந்த மாதிரிதான் இருந்துச்சு. பார்மசிஸ்ட் மேடம் செக் பண்ணும்போது பாட்டில தலைகீழா கவுத்துப் பிடிச்சாங்க, அடில ஒரு ஓரத்துல பவுடர் கட்டியா ஒட்டிக்கிட்டு அசையவே இல்ல. "5 மி.லி.ல 400னு லேபிள் போட்டிருக்கீங்க, இந்த பாட்டில்ல இப்ப அது உண்மையா?"ன்னு கேட்டாங்க. உண்மை இல்ல. மேல இருக்கிறது நீர்த்துப் போயிருக்கும், குழந்தைக்கு முதல் சில நாள் மருந்து பத்தாம போகும், கட்டி மெதுவா கரைஞ்சா கடைசி டோஸ் எல்லாம் கெட்டியா போகும். மூடியத் திறக்கிறதுக்கு முன்னாடி பாட்டில தட்டி பவுடர உதிர்க்கணும், கொஞ்சம் தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி பவுடர் முழுசா நனைஞ்சதுக்கு அப்புறம் மீதிய ஊத்தணும், திரும்ப குலுக்கணும், கவுத்துப் பாக்கணும். அப்புறம்தான் "குலுக்கிவிட்டு குடுக்கவும்", "14 நாளுக்கு அப்புறம் தூக்கிப் போட்டுடவும்" ஸ்டிக்கர். அந்தக் கணக்கு சார் சொல்லிக்குடுத்த 4.5 மி.லி. எவ்வளவு சரியா இருந்தாலும் பாட்டில்ல கட்டி இருந்தா அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லாமப் போயிடுதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. அந்த பாட்டில் வெளிய போகல, அங்கயே ஒதுக்கி வச்சுட்டு வேற புதுசா கலந்தேன். ஆனா அது வெளிய போயிருந்தா அத குடிச்சிருக்கப்போற குழந்தைய நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூங்கல.

பேர் குழப்பம் பத்தியும் சொல்லணும். ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின். ஒண்ணு ரத்த அழுத்தத்துக்கு, இன்னொண்ணு அரிப்புக்கும் பதட்டத்துக்கும். ஷெல்ஃப்ல அகர வரிசைல அடுக்கினா பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும், ரெண்டுமே 25 மி.கி.ல வரும், 50லயும் வரும். கோர்ஸ்ல இந்த மாதிரி இரட்டைப் பேர் லிஸ்ட மனப்பாடம் பண்ண வச்சாங்க, பேர்ல வித்தியாசப்படுற எழுத்துங்கள மட்டும் பெரிய எழுத்துல அச்சடிக்கிற முறையயும் சொன்னாங்க. நான் நூத்துக்கு நூறு வாங்கினேன். அப்படி வாங்கின நான்தான் கூட்டமா இருந்த ஒரு சாயங்காலம் ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண எடுத்தேன். ஸ்கேனர் கத்துச்சு, பார்கோடு பொருந்தல, நிறுத்திட்டேன். என்ன நடந்துச்சுன்னா நான் பேர படிக்கவே இல்ல, ஷெல்ஃப்ல அந்த இடத்த பாத்து கை போயிடுச்சு. லிஸ்ட் மனப்பாடம் பண்றது கண்ணுக்கு, இந்தத் தப்பு நடந்தது பழக்கத்துல. ரெண்டு பாட்டில பக்கத்துல வச்சு, பின்னாடி சத்தம் போட்டு, நேரம் குறிச்சு, "எடு"ன்னு ஒரு நாள் லேப்ல செய்ய வச்சிருந்தா அந்தப் பழக்கத்த அங்கயே உடைச்சிருக்கலாம். இப்ப நான் எடுக்கும்போது ஒரு தடவை, எண்ணுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, திருப்பி வைக்கும்போது ஒரு தடவைன்னு மூணு தடவை லேபிள வாய்விட்டு படிக்கிறேன். நடந்தத பதிவேட்டுல எழுதினோம், அடுத்த நாளே அந்த ரெண்டு மருந்தையும் வேற வேற தட்டுக்கு மாத்தினாங்க. தப்ப மறைக்காம எழுதுற இடத்துல வேலை பாக்குறது எனக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம்னே சொல்லுவேன்.

சரி, இப்ப அந்த "சர்வதேச தரம்" விளம்பரத்துக்கு வர்றேன். எந்த தரம்னு கேட்டு மெயில் போட்டேன், பதில் வரல. அதனால நானே தேடிப் படிச்சேன். அமெரிக்கால ஏஎஸ்ஹெச்பியும் (ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட்டுங்க சங்கம்) ஏசிபிஇயும் (பார்மசி படிப்புக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) சேந்து டெக்னீஷியன் பயிற்சிக்கு அங்கீகாரத் தரம் வச்சிருக்காங்க. 2019ல இருந்து நடைமுறைல வந்த அந்த தரத்துல ஆரம்ப நிலைக்கு மொத்தம் 400 மணி நேரம், மேல் நிலைக்கு 600. ஆரம்ப நிலைலயே வகுப்புக்கு குறைஞ்சது 120, லேப்ல செஞ்சு பாக்க 50, நிஜ பார்மசில நின்னு பாக்க 130, மீதிய நடத்துறவங்க தேவைக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்கலாம். என் கோர்ஸ்ல வகுப்பு நேரம் 120ஐ தாராளமா தாண்டும். லேப் 50 எங்க, எங்க 12 எங்க. நிஜ பார்மசி 130 எங்க, எங்க 80 எங்க. படிப்பு அளவுல இணையா இருந்துச்சு, லேப்ல கால்வாசிதான், ரெண்டையும் சேத்துப் பாத்தா கை வேலைல கிட்டத்தட்ட பாதிதான்.

பிரிட்டன்ல வேற வழி, அங்க வேலை பாத்துக்கிட்டே ரெண்டு வருஷம் பயிற்சி எடுக்கணும். 2011 ஜூலை 1ல இருந்து ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சில்ல பதிவு பண்ணாம "பார்மசி டெக்னீஷியன்"ங்கிற பேரயே யாரும் போட்டுக்க முடியாது. பேருக்கே சட்டப் பாதுகாப்பு. 2024 ஜூன்ல இருந்து அங்க பதிவு பெற்ற டெக்னீஷியன், ஏற்கனவே ஒப்புதல் குடுத்து எழுதி வச்ச வழிமுறைப்படி சில மருந்துகள தாங்களே குடுக்கலாம்னு சட்டம் வந்திருக்கு. பொறுப்பு கூடக் கூட பயிற்சியும் கூடணும்ல, அத அவங்க அந்த வரிசைல செஞ்சிருக்காங்க, பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு.

இன்னொரு குழப்பத்தையும் தீத்துடுறேன். கோர்ஸ் முடிச்சா குடுக்குற சர்டிபிகேட் வேற, தகுதிச் சான்று வேற. அமெரிக்கால பிடிசிபின்னு ஒரு அமைப்பு 1995ல இருந்து தேசிய அளவுல பரீட்சை வச்சு சான்று குடுக்குது. 90 கேள்வி, ஒரு மணி அம்பது நிமிஷம். 2020ல இருந்து வெறுமனே பரீட்சை எழுதிட முடியாது, அங்கீகாரம் பெற்ற பயிற்சியோ அதுக்கு இணையான வேலை அனுபவமோ இருக்கணும். பாஸ் பண்ணினா அதோட முடியாது, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா 20 மணி நேரம் தொடர் கல்வி முடிச்சு புதுப்பிக்கணும், அதுல ஒரு மணி நேரம் சட்டம், ஒரு மணி நேரம் நோயாளி பாதுகாப்பு கட்டாயம். என் கோர்ஸ்காரங்க குடுத்தது "முழுசா பாத்தார்"னு சொல்ற தாள். பேட்ச்ல பாதிப் பேர் அதுவே தகுதிச் சான்றுன்னு நினைச்சுட்டு இருந்தாங்க, யாரும் அவங்களுக்கு விளக்கிச் சொல்லல. எனக்கு இதுல வருத்தம் இல்ல, கோபம்தான்.

மணி நேரத்த ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு கேப்பீங்க. 2006ல அமெரிக்கால ஓஹயோ மாநிலத்துல எமிலி ஜெர்ரின்னு ஒரு ரெண்டு வயசுக் குழந்தை. புற்றுநோய் சிகிச்சை நல்லா பலன் குடுத்து கடைசி சுற்று கீமோ நடந்துட்டு இருந்துச்சு. அதுக்கு ஏத்துற மருந்துப் பையைத் தயாரிக்கும்போது 0.9 சதவீத உப்புக் கரைசல் இருக்க வேண்டிய இடத்துல 23.4 சதவீதக் கரைசல வச்சு கலந்துட்டாங்க. 26 மடங்கு. கலந்தது டெக்னீஷியன், சரிபார்த்து அனுப்பினது பார்மசிஸ்ட். குழந்தை பிழைக்கல. அந்த நேரத்துல அந்த மாநிலத்துல டெக்னீஷியனுக்கு பயிற்சியோ பதிவோ கட்டாயமே இல்ல. 2009ல எமிலி பேர்லயே அங்க சட்டம் வந்துச்சு. என் கோர்ஸ்ல இத ஒரே ஒரு ஸ்லைடுல போட்டு தாண்டிட்டாங்க. ஆனா அந்த ரெண்டு கரைசலும் பாக்க எப்படி இருக்கும்? ரெண்டுமே தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். கண்ணால பிரிக்க முடியாது, லேபிள படிச்சாத்தான் உண்டு. லேப்ல ரெண்டு வயல (சின்ன மருந்துக் குப்பி) கைல குடுத்து "இதுல எது எது"ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா அந்த ஸ்லைடு எங்க உடம்புல இறங்கியிருக்கும். எங்க 12 மணி நேரத்துல சிரிஞ்சையே யாரும் கைல தரல.

இப்ப நான் இருக்கிற ஆஸ்பத்திரில கிருமியில்லா அறைக்குப் போறதுக்கு பயிற்சி எடுத்துட்டு இருக்கேன், அங்க நடக்குறத பாத்தாத்தான் பயிற்சின்னா என்னன்னு புரியுது. நகை கழட்டி, முழங்கை வரைக்கும் 30 செகண்ட் கழுவி, கவுன் போட்டு, கிருமியில்லா கிளவுஸ் மாட்டி, கிளவுஸ் போட்ட விரல் நுனிய கிருமி வளர்ப்புத் தட்டுல அழுத்தி அனுப்புவாங்க. ஒரு கிருமிக் கூட்டம்கூட வளரக் கூடாது, அதுவும் தொடர்ந்து மூணு தடவை. அப்புறம் மருந்துக்கு பதிலா கிருமி வளரக்கூடிய ஊட்டக் கரைசல குடுத்து, நிஜ மருந்து கலக்குற மாதிரியே எல்லாத்தையும் செய்ய வச்சு, அந்த பையை 14 நாள் இன்குபேட்டர்ல வைப்பாங்க. கலங்கிச்சுன்னா எங்கயோ கை தப்பியிருக்கு, திரும்ப முதல்ல இருந்து. ஹூட்ல (சுத்தமான காத்து வீசுற வேலை மேடை) ஓரத்துல இருந்து 15 சென்டிமீட்டர் உள்ள தள்ளித்தான் வேலை செய்யணும், ஃபில்டர்ல இருந்து வர்ற சுத்தமான காத்துக்கும் வயல் வாய்க்கும் நடுவுல கை வரக் கூடாது. நான் முதல் தடவை செய்யும்போது என் இடது கை குறுக்க போயிட்டே இருந்துச்சு, எனக்கே தெரியல. பக்கத்துல நின்னவங்க ஒவ்வொரு தடவையும் "கை"ன்னு ஒரே வார்த்தை சொல்லுவாங்க. நாப்பது தடவையாவது சொல்லியிருப்பாங்க. இப்ப போறதில்ல. அந்த நாப்பது "கை"ய எந்த வீடியோவும் சொல்லாது.

80 மணி நேர பார்மசிப் பயிற்சி பத்தி. அதுல பெரும்பகுதி ஸ்டாக் அடுக்க விட்டுட்டாங்க. ஸ்டாக் அடுக்குறத நான் குறைவா சொல்லல, எக்ஸ்பயரி கிட்ட வந்தத முன்னாடி வைக்கிறதும், ஃப்ரிட்ஜ் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கான்னு பாத்து எழுதுறதும், உறைஞ்சு போன இன்சுலின் திரும்ப உருகினாலும் உபயோகப்படுத்தக் கூடாதுன்னு ஒதுக்குறதும் முக்கியமான வேலைதான். ஆனா கோர்ஸ்காரங்க அந்த பார்மசிக்கு "இந்த மாணவர் இத்தன பிரிஸ்கிரிப்ஷன் நிரப்பணும், இத்தன சிரப் கலக்கணும்"னு ஒரு தாள் குடுத்து அனுப்பவே இல்ல. எங்கள அனுப்பினாங்க, கையெழுத்து வாங்கினாங்க. அங்க இருந்த பார்மசிஸ்ட் நல்லவரு, நேரம் கிடைக்கும்போது தானா கூப்பிட்டு காட்டுவார், அது அவரோட நல்ல மனசு, கோர்ஸோட ஏற்பாடு இல்ல.

ஒரு விஷயத்துல இந்த கோர்ஸ நான் விட்டுக் குடுக்க மாட்டேன். டெக்னீஷியன் எங்க நிறுத்திக்கணும், எப்ப பார்மசிஸ்ட கூப்பிடணும்னு லைவ் கிளாஸ்ல நடிச்சுக் காட்ட வச்சாங்க. ஒருத்தர் நோயாளியா வந்து "இந்த ரெண்டு மாத்திரையும் சேத்து போடலாமா"ன்னு கேப்பாங்க, பதில் நமக்குத் தெரிஞ்சே இருக்கும், வாய் வரைக்கும் வரும், ஆனா "இருங்க, பார்மசிஸ்ட கூப்பிடுறேன், அவங்க சொல்றதுதான் சரியா இருக்கும்"னு சொல்லிப் பழகணும். இத மூணு வாரம் செஞ்சோம். அதே கிளாஸ்ல மெத்தோட்ரெக்சேட் பத்தி மேடம் சொன்னாங்க: மூட்டு வாதத்துக்கு குடுத்தா வாரத்துக்கு ஒரே நாள், தினமும்னு எங்கயாவது பாத்தா கைய எடுத்துடுங்க, கேளுங்க.

வேலைக்கு சேந்து நாலாவது மாசம் அது என் முன்னாடி வந்துச்சு. ஒரு வயசான அம்மா, மகள் கூட வந்திருந்தாங்க, விரல் எல்லாம் வாதத்துல மடங்கியிருந்துச்சு. கம்ப்யூட்டர்ல மெத்தோட்ரெக்சேட் தினம் ஒரு வேளைன்னு இருந்துச்சு. கடைசி நேரம், அஞ்சாறு பேர் வரிசைல. நான் லேபிள் அடிக்கல, பார்மசிஸ்ட் மேடத்துக்கிட்ட கொண்டு போய் "மேடம், இது தினமும்னு இருக்கு"ன்னேன், அவ்வளவுதான் சொன்னேன். அவங்க நேரா போன எடுத்தாங்க. டாக்டர் வாரம் ஒரு நாள்னுதான் எழுதியிருக்கார், பதிவு பண்ணும்போது மாறியிருக்கு. லேபிள்ல "வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும்"னு கிழமை போட்டு அடிச்சோம், மேடம் அந்த அம்மாகிட்ட உக்காந்து விளக்கிச் சொன்னாங்க. அந்த அம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாது, லேட் ஆயிடுச்சேன்னு மகள் கொஞ்சம் சலிச்சுக்கிட்டாங்க, போயிட்டாங்க. அந்த ஒரு சாயங்காலத்துக்காக மட்டுமே நான் அந்த கிளாஸுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கேன்.

மத்தது சுருக்கமா. மாதிரிப் பரீட்சை நிறைய இருக்கு, ஆனா சிலது பழைய பாடத்திட்டத்துல இருந்து எடுத்தது. 2020ல மாறின பிடிசிபி பரீட்சைத் திட்டத்துல மருந்துகளுக்கு 40 சதவீதமும் நோயாளி பாதுகாப்புக்கும் தரத்துக்கும் 26.25 சதவீதமும் குடுத்தாங்க, இவங்க மாதிரித் தாள்ல பாதுகாப்புக் கேள்வி விரல் விட்டு எண்ணுற அளவுதான். சந்தேகம் கேட்டு அனுப்புற மெயிலுக்கு பதில் வர ரெண்டு வாரம் ஆகும், லைவ் கிளாஸ்ல கேட்டா உடனே சொல்லுவாங்க, அதனால கேள்விய சேத்து வச்சு அங்க கேளுங்க. வீடியோவ பாதிலயே நிறுத்தி மறுபடி பாக்கலாம், வீட்டு வேலைக்கு நடுவுல படிக்கிறவங்களுக்கு இது பெரிய உதவி.

இந்த மாதிரி கோர்ஸ்ல சேரப்போறீங்கன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க, மெயில்ல கேட்டா மழுப்புவாங்க. லேப் எத்தன மணி நேரம், ஒரு டீச்சருக்கு எத்தன பேர், ஆளாளுக்கு எத்தன தடவை கைல செய்ய விடுவீங்க, யார் பாத்து திருத்துவாங்கன்னு கேளுங்க. நேரடிப் பயிற்சிக்கு அனுப்பும்போது என்னென்ன செஞ்சு முடிக்கணும்னு எழுதின தாள் இருக்கான்னு கேளுங்க, இருந்தா காட்டச் சொல்லுங்க. முடிக்கும்போது குடுக்குறது என்ன தாள், நான் வேலை பாக்கப்போற இடத்துல பதிவுக்கோ பரீட்சைக்கோ அத ஏத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு, பதிவு பண்ற அமைப்புகிட்டயும் தனியா ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க. ஏற்கனவே சேந்துட்டீங்கன்னா விட்டுடாதீங்க, கணக்கையும் பேரையும் இந்த கோர்ஸ்ல கத்துக்கோங்க, கைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க, பக்கத்துல ஒரு பார்மசில கேட்டு கூடுதலா நில்லுங்க, நிக்கும்போது "நான் எண்ணுறத பாத்து தப்பு சொல்லுங்க"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. கேட்டா சொல்லிக்குடுப்பாங்க, எனக்கு யாரும் இல்லன்னு சொன்னதில்ல.

என் மார்க்: மருந்து பேரும் கணக்கும் 5க்கு 5. பாதுகாப்பு லைவ் கிளாஸ் 5. லேப் 1. நேரடிப் பயிற்சி 2. விளம்பர வரிக்கு மார்க்கே கிடையாது. மொத்தமா 3 குடுக்குறேன்.

போன மாசம் இதையெல்லாம் விவரமா எழுதி கோர்ஸ் நடத்துறவங்களுக்கு அனுப்பினேன், கணக்கு சாருக்கும் தனியா ஒரு காப்பி. அவங்ககிட்ட இருந்து இன்னும் பதில் வரல. சார் மட்டும் கூப்பிட்டார். அடுத்த பேட்ச்ல இருந்து அவரு வகுப்புல ஒரு காலி பாட்டிலும் பவுடரும் கொண்டு வந்து ஒவ்வொருத்தரையும் கலக்க வச்சு, கவுத்துப் பாக்க வைக்கப் போறாராம். லேப் மணி நேரத்தையும் கூட்டினாங்கன்னு தெரிஞ்சா வந்து இந்த 3ஐ மாத்துறேன்.